அளவுக் கருவிகளை அளக்கும் ஒளிர் நுண்மணிகள்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் ஊர்களில் வழங்கி வரும் பழமொழி. அளந்து போடுவதற்கு ஒரு படி வேண்டும். அந்தப் படி சரியான படியாகவும் இருத்தல் வேண்டும். மரக்காலின் அடி உள்வாங்கியிருந்தால், நெல்லை எத்தனை கவனமாக அளந்தாலும் கணக்குத் தவறாகவே வரும். இதனால்தான் கடைகளில் உள்ள எடைக்கற்களையும் தராசுகளையும் முத்திரை ஆய்வாளர் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை சோதித்து முத்திரை இடுகிறார். அவர் கையில் உள்ள கற்கள் அவற்றைவிட மேலான கற்களோடு ஒப்பிடப்பட்டவை. கடைக்காரரின் கல் சரியா என்பதை அந்தக் கல்லே சொல்ல இயலாது. வேறொரு கல்தான் சொல்ல வேண்டும்.

இன்று ஆய்வுக்கூடங்களில் உயிரணுக்களை ஒவ்வொன்றாக எண்ணி, அவற்றின் ஒளியை அளந்து, வகை பிரிக்கும் கருவிகள் பயன்படுகின்றன. கிடேரிக் கன்று ஈனுவதற்கெனப் பாலினம் பிரித்துத் தரப்படும் உறைவிந்தும் இத்தகைய கருவியிலிருந்தே வருகிறது. அந்தக் கருவிக்கு எடைக்கல் எது? கண்ணுக்குத் தெரியாத, ஒளிவிடும் பிளாஸ்டிக் மணிகளே அவை. உழவர் பெருமக்கள் இம்மணிகளைக் கையாளப் போவதில்லை. ஆயினும், விலை கொடுத்து வாங்கும் ஓர் உறைவிந்துக் குச்சியின் தரம் இம்மணிகளையும் பொறுத்திருப்பதால், இவற்றைப் பற்றி அறிந்துகொள்வது நலம்.

உடனொளிர்வு என்றால் என்ன?

சில பொருள்கள் தம்மீது விழும் ஒளியை உட்கொண்டு, உடனேயே வேறு நிற ஒளியாக வெளிவிடுகின்றன. இதற்கு உடனொளிர்வு என்று பெயர். வெளிவரும் ஒளி, உட்சென்ற ஒளியைவிடப் பொதுவாக ஆற்றல் குறைந்ததாகவும் அலைநீளம் கூடியதாகவும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி உள்ளே சென்றால் நீலமாகவோ பச்சையாகவோ வெளிவரும். நீல ஒளி உள்ளே சென்றால் பச்சையாகவோ சிவப்பாகவோ வெளிவரும். இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து, 1852-ஆம் ஆண்டில் இதற்கு ஆங்கிலத்தில் பெயரிட்டவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ்.

இதனை வீட்டிலேயே காணலாம். சிறிதளவு மஞ்சள் தூளைச் சாராய ஆவியில், அதாவது ஸ்பிரிட்டில் கரைத்து, ரூபாய் நோட்டுகளைச் சோதிக்கும் ஊதா விளக்கின் கீழ் வைத்தால் அது பச்சை கலந்த மஞ்சளாக ஒளிவிடும். பசுந்தழையை அரைத்து ஸ்பிரிட்டில் கரைத்து வடிகட்டி, இருட்டறையில் அதே விளக்கைக் காட்டினால் பச்சைச் சாறு இரத்தச் சிவப்பாகத் தெரியும். பச்சையத்தின் உடனொளிர்வே அது. ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றக் கூடியது. எனவே அடுப்பிற்கு அருகில் இதனைச் செய்யக் கூடாது. ஊதா விளக்கை நேராகக் கண்ணால் பார்க்கவும் கூடாது.

உழவுத் தொழிலோடும் இதற்குத் தொடர்பு உண்டு. நிலக்கடலைப் பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பூசணத்தால் உண்டாகும் அஃப்ளோடாக்சின் நஞ்சு புற ஊதா ஒளியில் ஒளிவிடும். நீலமாக ஒளிர்வது ஒரு வகை என்றும், பச்சையாக ஒளிர்வது மற்றொரு வகை என்றும் பிரித்தே அதன் வகைகளுக்குப் பெயரிட்டுள்ளனர்.

உயிரணுக்களை வரிசையில் நிறுத்தும் கருவி

களத்தில் நெல்லைத் தூற்றும்போது காற்று பதரை ஒருபுறமும் மணியை ஒருபுறமும் தள்ளுகிறது. உயிரணுக்களைப் பிரிக்கும் கருவியும் ஒரு வகையில் தூற்றும் கருவியே. ஆனால் இங்கே பிரிப்பது காற்று அன்று. ஒளியும் மின்னேற்றமும் ஆகும்.

முதலில் உயிரணுக்களில் ஒளிரும் சாயம் ஏற்றப்படுகிறது. பின்பு அவை மெல்லிய நீர்த்தாரையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தப்படுகின்றன. தாரையின் குறுக்கே லேசர் ஒளி பாய்கிறது. ஒவ்வோர் அணுவும் அதைக் கடக்கும்போது ஒரு கணம் ஒளிவிடுகிறது. அந்த ஒளியை உணர்கருவி அளக்கிறது. அடுத்து, தாரை நுண்ணிய சொட்டுகளாக உடைகிறது. வேண்டிய அணு உள்ள சொட்டுக்கு ஒருவகை மின்னேற்றமும், மற்ற வகை அணு உள்ள சொட்டுக்கு எதிர் மின்னேற்றமும் தரப்படுகின்றன. மின்தகடுகளின் இடையே விழும்போது சொட்டுகள் இடமும் வலமுமாக விலகி வெவ்வேறு குழாய்களில் சேர்கின்றன. மின்னேற்றம் பெறாத சொட்டுகள் நேராகக் கழிவுக் குழாயில் விழுகின்றன. இவை அனைத்தும் வினாடிக்குப் பல்லாயிரம் முறை நடைபெறுகின்றன.

இவ்வாறு சொட்டுகளாக உடைத்துப் பிரிக்கும் கருவியை 1965-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மாக் ஃபுல்வைலர் என்பவர் செய்து காட்டினார். ஒளிர்வை அளந்து உயிரணுக்களைப் பிரிக்கும் கருவியை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லெனார்டு ஹெர்சன்பர்க் குழுவினர் உருவாக்கினர்.

நூற்றுக்கு நான்கு பங்கு வேறுபாடு

காளையின் விந்தணுக்களில் ஏறக்குறைய பாதி எக்ஸ் குரோமோசோமையும், மீதி ஒய் குரோமோசோமையும் கொண்டுள்ளன. எக்ஸ் அணு கருமுட்டையோடு சேர்ந்தால் கிடேரிக் கன்று பிறக்கும். ஒய் அணு சேர்ந்தால் காளைக் கன்று பிறக்கும். எக்ஸ் குரோமோசோம் சற்றுப் பெரியது. எனவே மாட்டினத்தில் எக்ஸ் அணுவில் உள்ள டி.என்.ஏ. மரபுப்பொருள், ஒய் அணுவில் உள்ளதைவிடச் சுமார் 4 சதம் அதிகம்.

ஹெக்ஸ்ட் 33342 என்னும் சாயம் உயிருள்ள அணுவினுள் சென்று டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும். புற ஊதா லேசர் பட்டதும் அது நீலமாக ஒளிவிடும். டி.என்.ஏ. அதிகமுள்ள எக்ஸ் அணு சற்றுக் கூடுதலாக ஒளிரும். இதனை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் லாரன்ஸ் ஜான்சனும் அவரது குழுவினரும் முயல்களில் செய்த ஆய்வின் முடிவை 1989-இல் வெளியிட்டனர். பிரிக்கப்பட்ட விந்தணுக்களைக் கொண்டு விரும்பிய பாலினத்தில் பெரும்பான்மையான குட்டிகள் பிறந்தன. பிற்காலத்தில் மாடுகளில் வணிக முறையில் இது பரவுவதற்கு அதுவே வழிகோலியது.

4 சதம் என்பது எவ்வளவு சிறியது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 100 கிலோ மூட்டையையும் 104 கிலோ மூட்டையையும் தூக்கிப் பார்த்து வேறுபாடு சொல்ல எவராலும் இயலாது. தராசு சொல்லும். ஆனால் அந்தத் தராசே 2 கிலோ முன்னும் பின்னும் ஆடுவதானால்?

இதனைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரே அளவு டி.என்.ஏ. உள்ள அணுக்களை அளந்தாலும் கருவி எல்லாவற்றிற்கும் ஒரே எண்ணைத் தருவதில்லை. அளவுகள் சராசரியைச் சுற்றிக் குன்றுபோலப் பரவி நிற்கும். இப்பரவலைச் சராசரியின் சதமாகச் சொல்வதற்கு மாறுபாட்டுக் கெழு என்று பெயர். எக்ஸ் அணுக்களுக்கு ஒரு குன்றும், ஒய் அணுக்களுக்கு ஒரு குன்றும், நடுவே 4 சத இடைவெளியும் உள்ளன. சரியாக நடுவில் கோடு கிழித்துப் பிரித்தால் கிடைக்கும் தவறு கீழ்க்கண்டவாறு அமையும்.

மாறுபாட்டுக் கெழு 1 சதம் - தவறாகப் பிரியும் அணுக்கள் நூற்றுக்குச் சுமார் 2
மாறுபாட்டுக் கெழு 2 சதம் - தவறாகப் பிரியும் அணுக்கள் நூற்றுக்குச் சுமார் 16
மாறுபாட்டுக் கெழு 4 சதம் - தவறாகப் பிரியும் அணுக்கள் நூற்றுக்குச் சுமார் 31

பரவல் நான்கு மடங்கு கூடினால், பிரித்தும் பிரிக்காததற்குச் சற்றே மேலான நிலைதான். நடைமுறையில் இரு குன்றுகளும் கலக்கும் இடத்திலுள்ள அணுக்களைக் கழிவில் தள்ளிவிட்டு, தெளிவாகத் தெரியும் அணுக்களை மட்டும் எடுக்கின்றனர். இதனால் துல்லியம் கூடும். ஆனால் கிடைக்கும் விந்தணுக்கள் குறையும், செலவும் ஏறும். ஆகவே கருவி நன்கு சீர்செய்யப்பட்டுள்ளதா என்பதைப் பொறுத்தே தரமும் விலையும் அமைகின்றன.

நுண்மணிகள் உருவான வரலாறு

கருவியைச் சோதிக்க, ஒன்றுக்கொன்று மாறாத பொருள் வேண்டும். உயிரணுக்கள் அதற்கு உதவா. அவை காளைக்குக் காளை மாறும். நேரம் ஆக ஆக இறக்கும். எனவே பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கினால் மணிகள் செய்யப்பட்டன. பெட்டிகளில் பொருள்கள் உடையாதிருக்க வைக்கும் வெள்ளைத் தெர்மாகோலும் இதே பிளாஸ்டிக்கின் நுரையேயாகும். நுண்மணிகளின் விட்டம் பெரும்பாலும் சில மைக்ரான்களே. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

நீரில் சோப்புப் போன்ற ஒரு பொருளைக் கலந்து, அதில் ஸ்டைரீன் திரவத்தைச் சிறு துளிகளாகச் சிதறச் செய்து, தூண்டுபொருள் சேர்த்துச் சூடேற்றினால் அது இறுகி மணிகளாகும். மிகச் சிறிய மணிகளை இம்முறையில் ஒரே சீராகச் செய்துவிடலாம். பெரிய மணிகளைச் செய்வதுதான் கடினமாக இருந்தது. வளரும்போது அவை மேலே மிதந்தோ, கீழே படிந்தோ, ஒன்றோடொன்று ஒட்டியோ சீர்கெட்டன.

இத்தொல்லை புவியீர்ப்பினால் வருவது என்பதால், அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வாண்டர்ஹாஃப் முதலியோர் விண்வெளி ஓடத்தில் மணிகளை வளர்த்தனர். 1983-இல் சேலஞ்சர் ஓடத்தில் வளர்ந்த, சுமார் 10 மைக்ரான் விட்டமுள்ள மணிகளை அமெரிக்கத் தேசிய அளவை நிலையம் சான்றிட்டு 1985-இல் விற்பனைக்கு விட்டது. விண்வெளியில் செய்து புவியில் விற்கப்பட்ட முதற்பொருள் அதுவே. இதற்கிடையில் நார்வே நாட்டின் டிரோன்ட்ஹெய்ம் நகரில் ஜான் உகெல்ஸ்டாட் என்னும் வேதியியல் அறிஞர், சிறிய மணிகளை விதையாக வைத்து ஊறச்செய்து பெருக்கும் முறையை 1970-களில் கண்டறிந்தார். அதனால் விண்வெளிக்குச் செல்லாமலேயே சீரான பெரிய மணிகளைச் செய்ய வழி பிறந்தது.

ஒளிர்வுப் பண்புகள்

கருவியைச் சோதிக்கும் மணிகளில் கீழ்க்கண்ட பண்புகள் இருத்தல் வேண்டும்.

1. சாயம் உள்ளே இருத்தல்: விதையை மருந்துக் கரைசலில் ஊறவைப்பது ஒரு முறை, விதையின் மேல் மருந்தைப் பூசுவது மற்றொரு முறை. மணிகளுக்கும் இவ்விரு முறைகளில் சாயம் ஏற்றப்படுகிறது. மணியைத் தக்க கரைப்பானில் ஊறவைத்தால் அது சற்று உப்பும். அப்போது எண்ணெயில் கரையும் சாயம் உள்ளே புகும். கரைப்பானை நீக்கியதும் மணி சுருங்கிச் சாயத்தைச் சிறைப்படுத்திவிடும். இவ்வாறு உள்ளே உள்ள சாயம் சுற்றியுள்ள நீரின் அமில, காரத் தன்மையால் எளிதில் பாதிக்கப்படுவதில்லை. நீரில் கசிவதும் இல்லை. நெடுநாள் ஒரே அளவில் ஒளிரும். கருவியின் அன்றாடச் சோதனைக்கு இதுவே ஏற்றது.

2. விட்டம் சீராக இருத்தல்: சாயம் மணி முழுவதும் ஒரே அடர்த்தியில் பரவியிருந்தால் ஒளியின் அளவு மணியின் பருமனைப் பொறுத்தது. பருமனோ விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. எனவே விட்டம் 1 சதம் கூடினால் ஒளி சுமார் 3 சதம் கூடும். எக்ஸ், ஒய் அணுக்களின் வேறுபாடே 4 சதம் என்பதை நினைவிற்கொண்டால், மணிகளின் விட்டத்தில் எத்தனை சீர்மை தேவை என்பது விளங்கும்.

3. சாயம் அளவோடு இருத்தல்: அதிகச் சாயம் ஏற்றினால் அதிக ஒளி வரும் என்று எண்ணலாம். அவ்வாறன்று. சாய மூலக்கூறுகள் மிக நெருங்கினால் ஒன்றன் ஒளியை மற்றொன்று விழுங்கிவிடும். நெருக்கி நட்ட பயிரில் கதிர் சிறுப்பது போன்றதே இது.

4. நிறம் பொருந்துதல்: கருவியின் லேசர் எந்த அலைநீளத்தில் உள்ளதோ அதை மணியின் சாயம் உட்கொள்ள வேண்டும், உணர்கருவியின் வடிகட்டி எந்த நிறத்தை விடுகிறதோ அந்நிறத்தில் ஒளிவிட வேண்டும். விந்தணுக் கருவிக்குப் புற ஊதாவை வாங்கி நீலமாக ஒளிரும் மணிகளே பொருந்தும். நீல லேசருக்கான பச்சை மணிகள் அங்கே பயன்படா.

5. வெளிறாதிருத்தல்: வெயிலில் காயும் சாயத் துணி வெளுப்பதுபோல் எல்லாச் சாயங்களும் தொடர்ந்து ஒளி பட்டால் வெளிறும். லேசரைக் கடக்கும் சிறு கணத்தில் மணிக்குக் கேடில்லை. ஆனால் புட்டியை வெளிச்சத்தில் வைத்தால் நாளடைவில் ஒளி குன்றும். ஆகவே மணிகளை இருட்டில், குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் வைக்க வேண்டும். உறையவிடக் கூடாது.

இவற்றோடு, சாயமே இல்லாத மணி, மங்கலாக ஒளிரும் மணி, நடுத்தரமான மணி, பிரகாசமான மணி எனப் பல படிகளில் செய்த மணிகளை ஒரே புட்டியில் கலந்தும் தருகின்றனர். 1 கிலோ, 2 கிலோ, 5 கிலோ என எடைக்கற்களை வரிசையாக வைத்துத் தராசைச் சோதிப்பது போன்றதே இதுவும். மங்கலிலும் பிரகாசத்திலும் கருவி ஒரே விகிதத்தில் அளக்கிறதா என்பது இதனால் தெரியும்.

நாள்தோறும் சோதிக்கும் முறை

காலையில் கருவியை இயக்கி, லேசர் நிலைபெறும்வரை சூடேறவிட வேண்டும். மணிப் புட்டியை நன்கு குலுக்கி, சில சொட்டுகளைத் தூய நீரில் கலந்து செலுத்த வேண்டும். குலுக்காவிட்டால் மணிகள் அடியில் தங்கிவிடும். ஒட்டிக்கொண்ட இரண்டு மணிகளைக் கருவி இருமடங்கு ஒளியுள்ள ஒரு மணியாகவே காணும்.

திரையில் தோன்றும் குன்றில் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, குன்று எங்கே நிற்கிறது என்பது. மற்றது, குன்று எவ்வளவு அகலம் என்பது. மணி மாறாதது, எனவே மாற்றம் தெரிந்தால் அது கருவியின் மாற்றமே. குன்று கீழே நகர்ந்திருந்தால் லேசர் வலுவிழந்திருக்கலாம், அல்லது உணர்கருவி சோர்ந்திருக்கலாம். குன்று அகன்றிருந்தால் லேசரும் நீர்த்தாரையும் நேர்கோட்டில் இல்லை என்றோ, முனைக்குழாயில் அழுக்கோ காற்றுக்குமிழோ அடைத்துள்ளது என்றோ கொள்ளலாம். ஒவ்வொரு நாளின் அளவையும் பதிவேட்டில் குறித்து வந்தால், கருவி மெல்ல மெல்லக் கெடுவதும் தெரிந்துவிடும்.

மற்றொரு சோதனையும் உண்டு. அணு லேசரைக் கடக்கும் நேரத்திற்கும், அது இருக்கும் சொட்டு தாரையிலிருந்து பிரியும் நேரத்திற்கும் சிறு இடைவெளி உள்ளது. சரியாக அக்கணத்தில் மின்னேற்றம் தர வேண்டும். ஒரு சொட்டு முன்னோ பின்னோ ஆனால், எக்ஸ் அணுவுக்குரிய மின்னேற்றம் பக்கத்துச் சொட்டுக்குப் போய்விடும். அளவு சரியாக இருந்தும் பிரிப்பு தவறிவிடும். இதனைச் சோதிக்க, கண்ணாடித் தகட்டின் மேல் 50 மணிகளை விழச்செய்யுமாறு கருவிக்குக் கட்டளையிட்டு, பின் நுண்ணோக்கியில் எண்ணிப் பார்க்கலாம். ஏறக்குறைய 50 மணிகளும் இருந்தால் நேரம் சரி. பாதியே இருந்தால் நேரத்தைத் திருத்த வேண்டும்.

மணிகளின் குறைகள்

மணிகள் எல்லாம் வல்லவை அல்ல. காளையின் விந்தணுத் தலை பூசணி விதைபோல் தட்டையானது. நீளம் சுமார் 9 மைக்ரான், அகலம் சுமார் 5 மைக்ரான். தடிப்போ மிகக் குறைவு. விதையின் விளிம்பு உணர்கருவியை நோக்கி நின்றால் ஓரளவும், தட்டைப் பக்கம் நின்றால் வேறோர் அளவும் ஒளி தெரியும். உருண்டையான மணி எப்படித் திரும்பினாலும் ஒன்றே. ஆகவே விந்தணுக்கள் சரியாகத் திரும்பி நிற்கின்றனவா என்பதை மணியால் சொல்ல இயலாது. இதற்கெனச் சாயமேற்றிய விந்தணுக் கருக்களைச் செலுத்தி, இரண்டு திசைகளிலிருந்து அளந்து இறுதிச் சீரமைப்புச் செய்கின்றனர். மணிகளால் முதற்சீரமைப்பு, உண்மை அணுக்களால் இறுதிச் சீரமைப்பு என்பதே முறை.

மேலும், பிளாஸ்டிக் மணி ஒளியை உயிரணுவைவிட அதிகமாக வளைக்கும். எனவே சிதறும் ஒளியைக் கொண்டு, "இந்த அணு 5 மைக்ரான் மணியின் அளவு" என்று முடிவு செய்வது பிழையாகும். மணியின் சாயமும் அணுவில் ஏற்றும் சாயமும் வேறு வேறானால், ஒளியை ஒப்பிட்டுச் சாய மூலக்கூறுகளின் எண்ணிக்கையைச் சொல்வதும் தவறு. அதற்கு, அதே சாயத்தைத் தெரிந்த அளவில் மேற்பரப்பில் பூசிய மணிகளைத்தான் பயன்படுத்த வேண்டும்.

மணிகளுக்கும் வயது உண்டு. பழைய புட்டி தீர்ந்தபின் புதிய புட்டியைத் திறந்தால், மாறியது கருவியா மணியா என்று தெரியாமல் போகும். எனவே பழையது தீரும் முன்பே புதியதையும் சேர்த்துச் சில நாள்கள் ஓட்டி, இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். பழைய உறைமோர் தீரும் முன்பே அடுத்த நாளுக்கு எடுத்துவைக்கும் இல்லத்தரசியின் முன்யோசனை இங்கும் தேவை.

உழவர்கள் அறிய வேண்டியவை

நம் நாட்டில் தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களின் அரசு உறைவிந்து நிலையங்களில் பாலினம் பிரிக்கும் வசதி ஏற்படுத்தப்பட்டுள்ளது. தேசியப் பால்வள வாரியம் உருவாக்கிய உள்நாட்டுத் தொழில்நுட்பம் 2024 அக்டோபரில் நாட்டிற்கு அளிக்கப்பட்டது. வேறு சில கருவிகள் சொட்டுகளைப் பிரிக்காமல், வேண்டாத அணுக்களை லேசரால் செயலிழக்கச் செய்கின்றன. அங்கும் முதலில் ஒளிர்வை அளந்தே முடிவு எடுக்கப்படுகிறது.

இவ்வகை உறைவிந்தைப் பயன்படுத்தும் உழவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. பாலினம் பிரித்த உறைவிந்தில் கிடேரிக் கன்று கிடைக்கும் வாய்ப்பு சுமார் 90 சதம். இது உறுதிமொழி அன்று. பத்துப் பசுக்கள் ஈன்றால் பத்தும் கிடேரியாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கே. எனவே ஒரு காளைக் கன்று பிறந்துவிட்டால் உறைவிந்து போலி என்று முடிவு கட்ட வேண்டாம்.

2. சாதாரணக் குச்சியில் சுமார் 2 கோடி விந்தணுக்கள் இருக்கும். பிரித்த குச்சியில் 20 இலட்சம் முதல் 40 இலட்சம் வரையே இருக்கும். சாயம், லேசர், அழுத்தம் ஆகியவற்றால் அணுக்கள் ஓரளவு களைப்படையவும் செய்கின்றன. எனவே சினைபிடிக்கும் விகிதம் சற்றுக் குறையும். நல்ல உடல்நிலையில் உள்ள, ஒழுங்காகப் பருவத்திற்கு வரும் கிடேரிகளுக்கும், ஓரிரு ஈற்றுப் பசுக்களுக்கும் இதனைப் பயன்படுத்துவது நல்லது. பலமுறை ஊசி போட்டும் சினைபிடிக்காத மாடுகளுக்குப் பயன்படுத்தினால் பணம் வீணாகும்.

3. பருவ அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்துக் கால்நடை மருத்துவரிடம் கூறவும். அணுக்கள் குறைவாக இருப்பதால் ஊசி போடும் நேரம் தவறக் கூடாது.

4. குச்சியின் மேல் அச்சிட்டுள்ள காளை எண், நிலையத்தின் பெயர், தயாரித்த நாள் ஆகியவற்றைக் கேட்டு எழுதிவைக்கவும்.

5. பிறந்த கன்று கிடேரியா, காளையா என்பதைத் தவறாமல் பால் கூட்டுறவுச் சங்கத்திலோ கால்நடை மருந்தகத்திலோ பதிவு செய்யவும்.

ஐந்தாவதாகச் சொன்னதே மிக முக்கியமானது. ஒரு வீட்டில் பிறக்கும் இரண்டு கன்றுகளைக் கொண்டு எதையும் சொல்ல இயலாது. ஆனால் ஒரு சங்கத்தில் 100 ஈற்றுகளின் கணக்கு இருந்தால் பேச வழி உண்டு. 90 சதத் துல்லியம் உண்மையானால், நூற்றில் 84 முதல் 96 வரை கிடேரிகள் இருப்பது இயல்பு. 70 கிடேரிகளே பிறந்திருந்தால் அதனைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. எங்கோ பிரிப்பு சரியில்லை, அல்லது குச்சி மாறியிருக்கிறது, அல்லது கருவூட்டல் பதிவு தவறியிருக்கிறது. அப்பதிவேட்டைக் காட்டி விளக்கம் கேட்க உழவருக்கு முழு உரிமை உண்டு.

ஆய்வுக்கூடத்தில் கருவியைச் சோதிக்க ஒளிரும் மணி உள்ளது. அக்கருவியிலிருந்து வெளிவரும் பொருளைச் சோதிக்க உழவரின் தொழுவம் உள்ளது. மணியின் அளவை நாள்தோறும் குறித்துவைக்காத ஆய்வாளருக்குக் கருவி கெடுவது தெரியாது. கன்றுகளின் கணக்கைக் குறித்துவைக்காத ஊருக்குக் குச்சியின் தரம் தெரியாது. இரண்டிடத்திலும் பதிவேடு ஒழுங்காக இருந்தால், கொடுத்த பணத்திற்கு உரிய பயனைப் பெறலாம்.